வாசலில் ஆடிய கல்

லுவா அம்மாள் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் வரவேற்பது வாசலை ஒட்டிய தரைக் கல்தான். 'டொக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் மனிதர்கள் வாங்க என்பார்கள். சிவப்பும் சாம்பலுமாகப் பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ், அவருடைய கணவர் இருந்த காலத்தில் போட்டது. ஆற்றங்கரை மண் அடியில் இறங்கிவிட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசியிருந்த பூச்சு பொரிந்து, பெருக்கும்போதெல்லாம் ஒரு பிடி மணல் துடைப்பத்தோடு வரும். வாசலில் நாலு கல் ஆடியது. அதில் நடுக்கல், ஓரத்தில் மிதித்தால் மறுபக்கம் மூக்கைத் தூக்கும்.

வியட்நாமின் சா தெக் ஊரில் ஆற்றோரத்துப் பழைய வீடுகளில் இது அதிசயம் இல்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. எடுத்துக்கொண்டவன் தியென் ஒருவன்தான். அவன் அந்த வீட்டு இளைய மாப்பிள்ளை, அதுவும் வீட்டோடு மாப்பிள்ளை. கல் சத்தம் போடும்போதெல்லாம், ஆம்பிளை ஒருவன் உள்ளே இருந்தும் இந்த வீடு இப்படிக் கிடக்கிறதே என்று ஊருக்குச் சொல்வது போல அவனுக்கு இருக்கும்.

வீட்டோடு மாப்பிள்ளையின் பிழைப்பு எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. சந்தை முனையில் லுவா அம்மாள் நடத்தும் அரிசி நூடுல்ஸ் கடையில், விடிவதற்கு முன் எலும்புச் சாறு கொதிக்கவைப்பதிலிருந்து கடைசிக் கிண்ணம் கழுவுவது வரை தியென்தான் மாடாக உழைத்தான். ஆனாலும் அவன் அங்கே சாப்பிடுகிறவன் என்றுதான் பேர். மூத்த மாப்பிள்ளை ஹுய் சைகோனில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். வருஷத்துக்கு ஒரு தடவை, தெத் என்னும் வருஷப் பிறப்புப் பண்டிகைக்குக் காரில் வந்து இறங்குவான். இறங்கியதும் வேண்டுமென்றே அந்தக் கல்லை இரண்டு தடவை மிதித்துப் பார்த்து, "சகல, மணி நல்லா அடிக்குதே. எந்தப் புத்தர் கோயில்ல வாங்கின?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தியெனும் சிரிப்பான், பல்லால் மட்டும்.

அந்த வருஷம் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே லுவா அம்மாள் கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று பேச்சை எடுத்தார். தியெனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு கல்லுக்கு ஒரு கொத்தனாரா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டான். போனில் யாரோ ஒருவன் கல் பதிக்கும் வீடியோவைப் பார்த்திருந்தான். பார்க்கிறவனுக்கு எல்லா வேலையும் சுலபம்தானே. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில், கொத்தனார்கள் எல்லாம் சொந்த ஊருக்குப் போனார்கள், சிமெண்ட் கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டு மனைவியோடு மாமியார் வீட்டுக்குப் போனான், வருஷத்தின் கடைசி நாள் மத்தியானமும் வந்துவிட்டது.

அன்றைக்கு உளியை எடுத்து நெம்பினான். நாலு கல்லும் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தன. அங்கேயே அவன் யோசித்திருக்க வேண்டும். அடியில் பிடிப்பே இல்லை, பழைய கலவை வெறும் மணலாக உதிர்ந்து கிடந்தது. அதைக் கெட்டித் தரை தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். கல்லைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் அது கலவையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஒட்டாமல் போகும். புதுக் கலவையைக் குறை இல்லாமல் பரப்பிப் பதித்து, இரண்டு நாளாவது யாரையும் மிதிக்க விடாமல் காக்க வேண்டும். வீடியோக்காரன் இதையெல்லாம் சொல்லத்தான் சொன்னான். தியென் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தவன்.

கொல்லையில் ஒரு சிமெண்ட் மூட்டை இருந்தது. மழைக்காலத்து ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டிப்போயிருந்தது. உடைத்துச் சலித்ததில் கைப்பிடி தேறியது. இடுக்கில் பூச வெள்ளைச் சிமெண்டுக்கு வழியே இல்லை. விழித்துக்கொண்டு நின்றபோதுதான் சுவரோரத்தில் அந்தச் சுண்ணாம்பு டப்பா அவன் கண்ணில் பட்டது.

மாமனாரின் கல்லறை வீட்டுக்குப் பின்னால் லோங்கான் பழத் தோப்பில் இருக்கிறது. வருஷம் முடிவதற்குள் புல் பிடுங்கி, கழுவி, அதற்கு வெள்ளையடித்துவிட வேண்டும். முந்தின வாரம் தியெனும் அவன் மனைவி குயெனும்தான் அடித்தார்கள். மிச்சச் சுண்ணாம்பு டப்பாவின் அடியில் தயிர் மாதிரி நின்றது. கல்லறைக்கென்று எடுத்ததை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவருவது லுவா அம்மாளுக்கு ஆகவே ஆகாது. அங்கே பெருக்கிய துடைப்பத்தைக்கூட அங்கேயே போட்டுவிட்டு வரச் சொல்வார். இது தெரியாதவனா தியென்? நன்றாகத் தெரியும். டப்பாவைப் பார்த்தான், பெயர்ந்து கிடந்த வாசலைப் பார்த்தான். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு டப்பாவைத் தூக்கி வந்தான்.

சிமெண்ட் தூளைச் சுண்ணாம்பில் குழைத்துக் குழிக்குள் ஊற்றி, உலர்ந்த கல்லை அப்படியே மேலே வைத்து அழுத்தினான். பக்கவாட்டில் பிதுங்கி வந்ததை இடுக்குகளில் வழித்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்தான். பூசி மெழுகுவது என்பார்களே, அதை அன்று நிஜமாகவே செய்தான்.

தண்ணீர் வாளியோடு வந்த குயென் டப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, இது அப்பாவோடது."

"சும்மா இரு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் பூசை மேடையில் இருந்த அப்பாவின் படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போனாள்.

சாயங்காலம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிவப்புக் கல்லைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. லுவா அம்மாள் ஈரக் கையைச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டே வந்து, குனிந்து பார்த்தார். சுலபத்தில் யாரையும் மெச்சுகிற வாய் இல்லை அது.

"பரவால்லையே. கொத்தனார வீட்டுலயே வெச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். தலைகால் புரியவில்லை அவனுக்கு. வாசலுக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டு, எல்லோரும் சமையல்கட்டு வழியாகப் போய்வாருங்கள் என்று உத்தரவு போட்டான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புதுத் தரையில் முதலில் படுவது லோக் மாமாவின் காலாகத்தான் இருக்க வேண்டும் என்று பெருமையாக வேறு அறிவித்தான்.

லோக் மாமா படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வருஷம் பிறக்கும் காலையில் வீட்டுக்குள் முதல் காலை வைப்பவரின் ராசிதான் அந்த வருஷம் முழுக்க என்பதால், ஆளைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். லோக் மாமாவுக்குச் சொத்து சுகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள், யாரோடும் அவருக்குச் சண்டை இல்லை, பெயருக்கே செல்வம் என்று அர்த்தம். இதற்குமேல் என்ன வேண்டும்? லுவா அம்மாள் வீட்டில் தொடங்கி, அந்தத் தெருவில் பல வீடுகளுக்கு அவர் கால்தான். மற்ற நாளில் அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த ஒரு காலைக்காக அவர் முந்தின நாளே நகம் வெட்டி, பாதத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். தெருப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

புது வருஷத்தன்று காலையில் பெஞ்சை எடுத்துவிட்டு எல்லோரும் உள்ளே வரிசையாக நின்றார்கள். லுவா அம்மாள், மூத்த மகள், ஹுய், அவர்கள் பிள்ளைகள், குயென், எல்லோரும் புது உடையில். தியென் எல்லோருக்கும் முன்னால் நின்றான். லோக் மாமா நீலச் சட்டையில் வந்து, செருப்பை வெளியே விட்டு, கையைக் கூப்பி, இந்த வீட்டில் நோயில்லாமல் வியாபாரம் பெருகட்டும் என்று வாழ்த்திவிட்டு, வலது காலைத் தூக்கி நடுக்கல்லில் வைத்தார்.

கல் ஒரு பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் எழும்பியது. அடியிலிருந்து வெள்ளைக் குழம்பு பொளுக்கென்று வெளியே வந்து அவர் விரல்களுக்கு நடுவே ஏறியது. தடுமாறினார். விழாமல் இருக்க அடுத்தடுத்து அடிவைத்து முன்னால் ஓடி, பூசை மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலிலிருந்து மேடை வரை சிவப்புத் தரையில் வெள்ளை வெள்ளையாகக் காலடிகள். நம் பக்கம் கோகுலாஷ்டமிக்கு அரிசி மாவில் பாதம் போடுவோமே, பார்க்க அப்படியே இருந்தது. ஆனால் அங்கே வெள்ளை என்பது இழவு வீட்டு நிறம்.

எல்லோரும் முதலில் தரையைப் பார்த்தார்கள். பிறகு தியெனைப் பார்த்தார்கள். ஹுய்யின் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு தயாராவதைத் தியென் கண்டான். அது வெளியே வருவதற்குள் இவன் வாய் முந்திக்கொண்டது.

"நேத்துக் கல்லு கெட்டியாத்தான் இருந்துச்சு. மாமா கால் வெச்சதும்தான்…"

சாதாரண நாளில், சாதாரண ஆளிடம் சொன்னால் இது சப்பைக்கட்டு, அவ்வளவுதான். அந்தக் காலையில், அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. உன் கால் பட்டுத்தான் இந்த வீடு விளங்காமல் போயிற்று என்பது அது. சொல்லி முடிக்கும்போதே தியெனுக்கும் அது தெரிந்தது. சொல்லைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியுமானால் போட்டுக்கொண்டிருப்பான்.

லோக் மாமா தன் பாதத்தைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பாதம்.

"ஆமா, கொஞ்சம் பலமா வெச்சிட்டேன் போல. மன்னிச்சிக்கம்மா," என்றார் லுவா அம்மாளிடம்.

அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகளுக்குப் பண்டிகைக் காசு வைத்த சிவப்பு உறைகளைக் கொடுத்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இன்னும் தடம் பதியக் கூடாதென்று வலது பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்து, வாசலில் அந்தக் கல்லைத் தாண்டி வெளியே இறங்கினார். அடுத்து அவர் போக வேண்டியது தையல்கார வீடு, இடது பக்கம். தியென் வாசலில் நின்று பார்த்தான். அவர் வலது பக்கம் திரும்பித் தன் வீட்டுக்குப் போனார்.

இனிமேல்தான் தியெனின் பண்டிகை ஆரம்பித்தது. வருஷம் பிறந்த முதல் மூன்று நாள் வீட்டில் பெருக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, குப்பையோடு அதிர்ஷ்டமும் வெளியே போய்விடும். ஆகவே அந்தக் காலடிகள் அப்படியே இருந்தன. உடைந்த பூச்சும், மூக்கைத் தூக்கிய கல்லும் அப்படியே. வருகிறவர்கள் எல்லோரும் அவற்றைச் சுற்றிக்கொண்டு, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அந்த நாட்களில் திட்டவும் கூடாது, கெட்ட வார்த்தை, கெட்ட செய்தி எதுவும் பேசக் கூடாது. லுவா அம்மாள் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. தேங்காய் மிட்டாய்த் தட்டை நீட்டும்போது அவனுக்கும் சிரித்த முகத்தோடு நீட்டினார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. கூனிக் குறுகி, கிண்ணம் கழுவுகிற சாக்கில் சமையல்கட்டிலேயே கிடந்தான்.

மத்தியானம் விருந்தாளிகள் கூடியிருந்தபோது யாரோ அந்தத் தடங்களைப் பற்றி ஜாடையாகக் கேட்டார்கள். ஹுய் தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டே, "லோக் மாமா இந்த வருஷம் வாழ்த்து எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டுப் போயிருக்கார், காலால," என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. தியெனும் சிரித்தான். இந்தத் தடவை பல்லால் மட்டும் இல்லை, வயிறு குலுங்கவே சிரித்தான். அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேலி அவன் மேல் இல்லை. சிரித்து முடித்து நிமிர்ந்தால், எதிரே தேநீர்த் தட்டோடு குயென் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

மறுநாள் தையல்காரி வந்தாள். லோக் மாமா முழங்கால் வலி என்று சொல்லியனுப்பிவிட்டாராம், அவசரத்துக்குப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டுக் கால் வைக்கச் சொன்னார்களாம். சொல்லிக்கொண்டே அவள் கண் தரையில் ஓடியது. "நல்லவேளை," என்றாள், யாரையும் பார்க்காமல். மற்ற வீடுகளுக்கும் அவர் போகவில்லை. அவர் வீட்டு முன்கதவே திறக்கவில்லை என்று குயென் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள். தியென் குழம்பில் முட்டையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

நாலாம் நாள் முன்னோர்களை வழியனுப்பி, அவர்களுக்கான காகிதப் பணமும் கொளுத்தியாயிற்று. துடைப்பத்துக்கு விடுதலை கிடைத்தது. குயென் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வெள்ளை போயிற்று, ஆனால் சுண்ணாம்பு கல்லுக்குள் இறங்கி லேசாக வெளுத்த தடம் நின்றுவிட்டது. தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் தெரியும். தெரியாதவர்கள் தெருவில் யாரும் இல்லை.

தியென் நடுக்கல்லைப் பெயர்த்தான். அடிப்பக்கம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது, ஒரு பொட்டுக் கலவை ஒட்டவில்லை. அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின் சந்து வழியாகப் போய், லோக் மாமா வீட்டுச் சமையல்கட்டுப் பக்கம் நுழைந்தான்.

அவருடைய மனைவி சென் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். லோக் மாமா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் ஆய்ந்து போட்டதை அலசிக்கொண்டிருந்தார். காலில் காலுறை போட்டிருந்தார். அந்த வெயில் காலத்தில் காலுறை! தியென் கல்லைப் பிரித்துத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க மாமா, கலவை ஒட்டவே இல்ல. கல்ல ஊறப்போடாம வெச்சேன், அடியிலயும் சுரண்டல. என் வேலைதான் சரியில்ல. உங்க கால்ல ஒண்ணுமே இல்ல."

லோக் மாமா கையைத் துடைத்துக்கொண்டு கல்லை வாங்கி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்படியா, அப்படியா என்று இரண்டு தடவை கேட்டார். சென் அத்தை கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பத்து பேரு முன்னால சொன்னத, அடுக்களப் பக்கமா வந்து திருப்பிச் சொல்றியேப்பா. இந்த வீட்டுக்கு முன்வாசல் இல்லையா?"

மாமா அவரை அதட்டப் பார்த்தார். அத்தை சொன்னது சரி என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. தியென் கல்லை வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை முன்வாசல் வழியாக வெளியே வந்தான்.

கடை திறந்த நாளில், நாற்காலிகள் எல்லாம் நிறைந்து, கிண்ணங்களில் ஆவி பறக்கும் நேரத்தில், தியென் கல்லைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தான். லுவா அம்மாள் கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். லோக் மாமா காலைப் பற்றி யாரும் தப்பாகப் பேச வேண்டாம், கல்லை நான்தான் ஒழுங்காகப் பதிக்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். இவ்வளவு சொன்னதே அவனுக்கு மலையைப் புரட்டிய மாதிரி இருந்தது.

மீன்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"நல்ல மனசுப்பா உனக்கு. பெரியவர் மனசு நோகக் கூடாதுன்னு பழிய நீயே தூக்கிக்கிற."

"இல்லண்ணே, நெசமாவே…"

"சரி, கல்லு ஒட்டல. அந்த வெள்ள? அது எங்கருந்து வந்துச்சு?"

"ஒயிட் சிமெண்ட்டு."

"ஒயிட் சிமெண்ட்டு ஒரு ராத்திரியில கல்லாயிருமே தம்பி. அது எப்படிக் கொழகொழன்னு நின்னுச்சு? அதத்தான் நாங்க சொல்றோம்."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதுதானே, சிமெண்டே இறுகாமல் போனதென்றால் வேறு என்னவாம் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். தியென் வாயைத் திறந்தான். இன்னும் ஒரே ஒரு வார்த்தை போதும். டப்பா என்றால் போதும். அவர்கள் நம்புவார்கள், லோக் மாமாவின் கால் தப்பித்துவிடும். ஆனால் மாமனார் கல்லறைச் சுண்ணாம்பை வீட்டு வாசலில் பூசிய மாப்பிள்ளையை லுவா அம்மாள் அதற்கப்புறம் எந்த முகத்தோடு பார்ப்பார்? பின்பக்கம் கிண்ணம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. குயென் கையை நீரில் வைத்தபடி அவனையே பார்த்துக் காத்திருந்தாள்.

"தெரியலண்ணே," என்றான்.

கிண்ணம் கழுவும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. லுவா அம்மாள் அவன் அருகில் வந்து, தோளைத் தட்டி, எலும்பு இறைச்சியைக் கூடுதலாகப் போட்டு ஒரு கிண்ணத்தை நீட்டினார். உனக்கு இப்படி ஒரு மனசா என்று அவர் கண் சொன்னது. அந்தக் கிண்ணத்தை அவன் எப்படிச் சாப்பிட்டு முடித்தான் என்பது அவனுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் குயென் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டப்பாவப் பத்தி ஏன் சொல்லல?"

அவன், உங்கம்மா தாங்க மாட்டாங்க என்று மென்று முழுங்கினான். அம்மாவுக்காகத்தான் என்றால் சரி, என்றாள் அவள். அந்தச் 'சரி'யில் ஒன்றுமே சரியில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

அந்த வாரமே நாலு கல்லையும் மறுபடி பதித்தான். இந்தத் தடவை எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. கெட்டித் தரை வரும்வரை சுரண்டினான், கழுவினான், கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டான், கடையில் புதுச் சிமெண்ட் வாங்கிக் கலவையைக் குறையில்லாமல் பரப்பினான், ரசமட்டம் வைத்துப் பார்த்தான். கல் இறுகும்வரை காத்திருந்து, பிறகுதான் இடுக்குகளுக்குப் பூசினான், அதுவும் சாம்பல் நிறத்தில். வெள்ளையைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. அதன்பின் அந்த வீட்டிலேயே அசையாத கற்கள் அந்த நாலுதான். உள்ளே வருகிறவர்கள் 'டொக்' சத்தம் இல்லாததால் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வேடிக்கையாகச் சொன்னார்கள்.

அந்த வருஷம் தெருவில் நடந்ததெல்லாம் எல்லா வருஷமும் நடப்பதுதான். மழையில் கடைக் கூரைத் தகரம் ஒன்று பறந்தது, தையல்காரி மகன் பரீட்சையில் தேறவில்லை, ஒருவருடைய வாத்துகள் சீக்கில் செத்தன. ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் அந்த வெள்ளைக் காலடியை நினைவுபடுத்தினார்கள். லோக் மாமா தெருவில் நடக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள். அவர் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் பிறப்பதற்கு முன்னால் லுவா அம்மாள் தியெனையே அனுப்பி லோக் மாமாவை அழைக்கச் சொன்னார். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்றார். நல்ல மனுஷி. லோக் மாமா முழங்கால் வலி என்றார். பள்ளிக்கூட வாத்தியார் வந்து முதல் காலை நடுக்கல்லில் வைத்தார். ஒரு சத்தம் இல்லை, ஒரு அசைவு இல்லை. ஹுய்கூட இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "சகல, மணிய வித்துட்டியா?" என்று கேட்டு, முதுகில் தட்டிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் லோக் மாமாவும் சென் அத்தையும் மற்றவர்களைப் போல வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். அத்தை முதலில் உள்ளே வந்தார். மாமா செருப்பை விட்டுவிட்டு வாசலில் நின்று கீழே பார்த்தார். பிறகு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வயதான காலை உயரமாகத் தூக்கி, அந்தக் கல்லைத் தாண்டி அடுத்த கல்லில் வைத்தார்.

"அண்ணே, அந்தக் கல்லு இப்ப மலை மாதிரி இருக்கு. தைரியமா மிதிங்க," என்றார் லுவா அம்மாள்.

"கல்லு நல்லாத்தாம்மா இருக்கும்," என்று அவர் சிரித்தார். "என் கால நம்ப முடியல."

குயென் தியெனைப் பார்த்தாள். கூடத்தில் ஹுய் இருந்தான், தையல்காரி இருந்தாள், பூசை மேடையில் மாமனார் படத்தில் இருந்தார். இதைவிட நல்ல சமயம் வராது. ஆனால் பண்டிகை நாள், கல்லறை, சுண்ணாம்பு என்றெல்லாம் வாயால் சொல்லக் கூடாத நாள். அந்த வழக்கம் இருந்தது தியெனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவனுக்கு அடுத்த நொடியே அவமானம் பிடுங்கியது. லோக் மாமா உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். தியென் அவருக்குத் தேநீர் ஊற்றினான்.